கடைக்கோடி வயலில் மின்னழுத்தம்

மேல்நிலைத் தொட்டியை எண்ணிப் பாருங்கள். தொட்டியின் உயரத்தை ஒப்பது மின்னழுத்தம். அதன் அலகு வோல்ட். ஓடும் நீரின் அளவை ஒப்பது மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். குழாய் நீண்டு குறுகினால் நீர் தயங்கும். நீண்ட மெல்லிய கம்பியிலும் அவ்வாறே தடை மிகும்.

ஆகவேதான், வழியெங்கும் பம்புசெட்டுகள் ஓடும்போது கடைக்கோடி வயலுக்கு மின்னழுத்தம் தாழ்ந்து சேர்கிறது. இங்கே உவமை பிறழ்கிறது. அழுத்தம் குறைந்தால் நீர் குறையும். மோட்டாரோ அதே சுமையை இழுக்க மின்னோட்டத்தை மிகுதியாக ஏற்கிறது. மின்னோட்டம் 2 மடங்கானால் சுருளில் வெப்பம் 4 மடங்காகும், சுருள் கருகும். பழியோ பெரும்பாலும் மோட்டார்மீது!

பரிகாரம், 11,000 வோல்ட் கம்பியை வயலருகே கொண்டுசென்று சிறு மின்மாற்றி அமைப்பது. அழுத்தம் 10 மடங்கானால், அதே திறனுக்கு மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு போதும். அதே கம்பியில் இழப்பு நூறில் ஒரு பங்காகும்.