வீட்டு மணியில் உங்கட பெயர் இருக்கிறதா?

(பலெர்மோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான தகவல் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உங்களில் சிலர் நகர நடுவில் பல்லாரோ சந்தைப் பக்கம் இருக்கிறியள். சிலர் அமைதியான இடம் வேணும் எண்டு பிரான்காச்சோவுக்குப் போயிருக்கிறியள். இண்டைக்கு அவர்களோடதான் கூடக் கதைக்கப் போறன்.

பிரான்காச்சோ பலெர்மோவின் தென்கிழக்கு ஓரம். அங்கே மரெதோல்சே என்ற பழைய கோட்டை இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் றோஜர் மன்னன் அதைத் தன் மாளிகையாக்கினான். முன்பு அதைச் சுற்றி ஏரி. இப்போது ஏரி இருந்த நிலத்தில் தோடை இனப் பழமரங்கள். ஒரு பக்கம் மரநிழல், மறுபக்கம் அடுக்குமாடிகளும் ரயில் பாதையும். மத்தியானம் இரண்டு மணிக்குத் தெருவில் ஆள் அரவம் இராது. "எங்கட ஊர் ஒழுங்கை மாதிரிக் கிடக்கு" எண்டு ஒரு அம்மா சொன்னவ.

ஆனால் ஊர் ஒழுங்கையில் தபால்காரருக்கு வீட்டு இலக்கமே தேவையில்லை. "வாத்தியார் வீடு" எண்டால் போதும். பல்லாரோவிலும் எங்கட ஆக்கள் யாராவது உங்கட கடிதத்தை வாங்கி வைப்பினம். பிரான்காச்சோவில் உங்களைத் தெரிந்தவர் இல்லை. மணியிலும் தபால் பெட்டியிலும் பெயர் இல்லாவிட்டால், நீங்கள் அங்கே இல்லை எண்டுதான் கணக்கு.

இதில் என்ன பாரதூரம்? உங்கள் அகதி விண்ணப்பத்தின் முடிவு, நீங்கள் கொடுத்த விலாசத்துக்குத்தான் அனுப்பப்படும். கடிதம் கையில் கிடைக்காவிட்டாலும், கிடைத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும் நிலை வரும். மேன்முறையீட்டுக்குச் சில வழக்குகளில் 30 நாள், சிலவற்றில் அதைவிடக் குறைவு. கடிதத்தைக் காணாமலே அந்த நாட்கள் ஓடிவிடும்.

அடுத்தது ரெசிடென்சா, அதாவது வதிவிடப் பதிவு. 2018ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அகதி விண்ணப்பதாரர்களுக்கு இந்தப் பதிவைத் தடுத்தது. 2019 ஜனவரியில் அப்போதைய பலெர்மோ மேயர் லெயோலூக்கா ஒர்லாந்தோ அதை இங்கே நடைமுறைப்படுத்த மறுத்தார். 2020இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. ஆகவே இது உங்கள் உரிமை. விண்ணப்பித்த பின் 45 நாளுக்குள், நீங்கள் அங்கே வசிக்கிறீர்களா எண்டு பார்க்க நகரப் பொலிஸ் வரலாம். அவர்களும் முதலில் தேடுவது மணியில் உள்ள பெயரைத்தான்.

எனவே தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கோ:

1. பெர்மெஸ்ஸோவில் உள்ள எழுத்துக்களின்படியே பெயரை எழுதி, மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டுங்கோ. முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேளுங்கோ.

2. வீடு மாறினால் உடனே குவெஸ்தூராவுக்கு அறிவித்து, அறிவித்ததற்கான அத்தாட்சியை வைத்திருங்கோ. உங்கள் சட்டத்தரணிக்கும் சொல்லுங்கோ.

3. உங்களை வீட்டில் தங்கவைப்பவர் 48 மணி நேரத்துக்குள் பொலிஸாருக்கு எழுத்தில் அறிவிக்க வேணும். அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கோ.

4. பதிவுத்தபால் வந்ததாகத் துண்டு கிடந்தால் நாளைக்கு எண்டு விடாதேயுங்கோ. கடவுச்சீட்டு இல்லாதவர்கள் பெர்மெஸ்ஸோவைக் கொண்டு தபால் நிலையம் போங்கோ. கடித உறையையும் எறியாதேயுங்கோ. அதில் திகதி இருக்கும்.

சிலர், "பெயரைப் போட்டால் ஆர் எவர் எண்டு எல்லாருக்கும் தெரிந்துவிடுமே" எண்டு பயப்படுகினம். எங்கிருந்து வந்தோம் எண்டு எனக்கும் தெரியும்; அந்தப் பயம் பொய்யில்லை. உண்மையிலேயே ஆபத்து இருப்பவர்கள் எங்களோடு தனியாகக் கதையுங்கோ, வேறு விலாசம் பற்றி யோசிப்பம்.

பிரான்காச்சோ ஆக்களுக்கும் பயம் புதிதல்ல. அங்கே பிறந்த பாதிரியார் பினோ புலீசி, மாஃபியாவின் பிடியில் இருந்து பிள்ளைகளை மீட்க 'பாத்ரே நோஸ்த்ரோ' நிலையத்தைத் தொடங்கினார். 1993 செப்டெம்பர் 15இல், தன் 56ஆவது பிறந்தநாளில், வீட்டு வாசலில் வைத்துச் சுடப்பட்டார். அந்த நிலையம் இண்டைக்கும் நடக்கிறது. ஆகவே அயலவர் கதைக்காமல் போனால் உங்களை வெறுக்கினம் எண்டு எடுக்காதேயுங்கோ. படியில் கண்டால் "புவோன்ஜோர்னோ" சொல்லுங்கோ. மத்தியானமும் இரவும் சத்தத்தைக் குறையுங்கோ. பத்து நாளில் அவர்களே உங்கட பெயரைக் கேட்பினம். தபால்காரர் வந்தால், இந்தப் பெயர்க்காரர் மூன்றாம் மாடி எண்டு சொல்ல ஒருவர் இருப்பார்.

பெயரை எப்படி எழுதுவது எண்டு தெரியாதவர்கள் இப்பவே பெர்மெஸ்ஸோவைக் கொண்டு முன்னுக்கு வாங்கோ, எழுதித் தாறன்.