திரைப்படமும் ஒரு குறிக்கோளுரையும்



ஆவடியில் எங்கள் தெருவில் வாழும் கல்லூரி மாணவர் ஒருவர், சென்ற மாதம் ஒரு துண்டுத் தாளோடு என்னிடம் வந்தார். ‘கப்பலோட்டிய தமிழன்’ படத்தைப் பலமுறை கண்டவர் அவர். பி. ஆர். பந்துலு இயக்க, சிவாஜி கணேசன் வ. உ. சிதம்பரனாராக நடித்து, 1961-இல் வெளிவந்த படம் அது. கப்பல் விட்ட பெருமகன் சிறையிலே செக்கிழுக்கும் காட்சி அவர் உள்ளத்தை உலுக்கியதாம். அதன் நினைவாகத் தமக்கென ஒரு குறிக்கோளுரை அமைத்து, அதனை இலத்தீன் மொழியில் முன்கையில் பச்சை குத்திக்கொள்ள நாளும் குறித்துவிட்டார்.

“தமிழில் குத்திக்கொண்டால் ஆகாதா, தம்பி?” என்றேன்.

“சென்னைப் பல்கலைக்கழகச் சின்னத்தில் இருப்பது இலத்தீன்தானே, ஐயா? இலயோலாக் கல்லூரிச் சின்னத்திலும் அதுதானே?” என்றார். மறுத்துரைக்க இயலவில்லை.

தாளில் இருந்தவை மூன்றே சொற்கள்: ‘ஸுப் யுகும் மரே’. நுகத்தின் கீழும் கடல் என்பது அவர் கருதிய பொருள். நல்ல கருத்து. செக்கு நுகம் தோளிலே. கப்பலோடிய கடல் நெஞ்சிலே! ஆனால் அகராதியில் சொற்களைத் தேடி அடுக்கியவர், வேற்றுமையை மறந்துவிட்டார்.

‘ஸுப்’ என்றால் ‘கீழ்’. ஒன்றன் கீழ் இருத்தலைச் சொல்லும்போது அடுத்து வரும் சொல் ‘யுகோ’ என நிற்கும். கீழே செல்லுதலைச் சொல்லும்போது ‘யுகும்’ என நிற்கும். இஃது இலக்கண நுணுக்கம் மட்டும் அன்று. கி.மு. 321-இல் காடியக் கணவாயில் சாம்னியரிடம் அகப்பட்ட உரோமானியப் படையினர், ஈட்டிகளால் அமைத்த நுகத்தின் கீழே குனிந்து செல்லுமாறு பணிக்கப்பட்டனர். ‘ஸுப் யுகும்’ என்றதும் உரோமானியன் நினைவில் எழுவது அந்தத் தலைகுனிவே. பணியாமையைப் பறைசாற்ற விரும்பிய இளைஞர், பணிந்து போதலைக் கையில் எழுதிக்கொள்ள இருந்தார்! அழியாத மை, ஓரெழுத்துப் பிழை என்று பின்னர் அழித்துவிட முடியுமா?

‘மரே’ என்னும் சொல்லில் பிழையில்லை. கடலைக் குறிக்கும் அச்சொல் இலத்தீனில் ஆண்பாலுமன்று, பெண்பாலுமன்று. அவ்வகைச் சொற்களுக்கு எழுவாயிலும் செயப்படுபொருளிலும் வடிவம் ஒன்றே. நாம் ‘நீர் குடித்தான்’ என்று உருபை மறைத்துச் சொல்வதில்லையா? ஆதலால் வினைச்சொல் இல்லாத அத்தொடரை ‘கடல் உளது’ என்றும் கொள்ளலாம். ‘கடலை நாடுகிறேன்’ என்றும் கொள்ளலாம்.

இன்னோர் ஒற்றுமையும் சொல்லத் தோன்றுகிறது. மெட்ரோ கோல்ட்வின் மேயர் படங்களின் தொடக்கத்தில் முழங்கும் சிங்கத்தைச் சுற்றி ‘ஆர்ஸ் கிராத்தியா ஆர்த்திஸ்’ என்று எழுதியிருக்கும். கலை கலைக்காகவே என்பது பொருள். ‘கிராத்தியா’ என்பது நம் ‘பொருட்டு’. ‘கலையின் பொருட்டு’ என்று நாம் பின்னே வைப்பது போலவே இலத்தீனிலும் அது பெரும்பாலும் பெயரின் பின்னேதான் நிற்கும். சிங்கத்தின் வளையத்திலோ முன்னே நிற்கிறது! புகழ்பெற்ற தொடர் என்பதனாலேயே அதனை மாதிரியாகக் கொள்ள வேண்டா என்று தம்பியிடம் சொன்னேன்.

இலத்தீன் எதற்கு என்று முதலில் எண்ணிய நானே பிறகு சற்று நாணினேன். 1906-இல் தோன்றிய சுதேசிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள் இரண்டனுள் ஒன்றன் பெயர் ‘காலியா’. இன்றைய பிரான்சு நாட்டுப் பகுதிக்கு உரோமானியர் வழங்கிய இலத்தீன் பெயர் அது.

‘ஸுப் யுகோ மரே’ என்று திருத்திக் கொடுத்தேன். தம்பி குறித்த நாளைத் தள்ளி வைத்தார். மறுவாரம் ஆவடியில் இரயிலேறிக் கிண்டிக்குச் சென்று, காந்தி மண்டப வளாகத்தில் வ. உ. சி. நினைவாக வைக்கப்பட்டுள்ள செக்கைப் பார்த்து வந்தார். தொடர் இப்போது அவருடைய குறிப்பேட்டின் முதற்பக்கத்தில், பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது.