பிரசங்கி சொன்னது மாயையா?

வாழ்வுக்கு அர்த்தம் என்ன என்று கேட்டால் மோட்ச நரகத்தை இழுக்காமல் பதில் சொல்ல முடியாது என்பது மதக்காரர்களின் அபிப்பிராயம். ஆனால் யூதர்களுடைய வேதத்திற்குள்ளேயே அவற்றை இழுக்காமல் பேசும் ஒரு புத்தகம் இருக்கிறது. கிறிஸ்தவத் தோழர்கள் அதைப் "பிரசங்கி" என்பார்கள்.

எழுதியவன் சாலமோன் ராஜா என்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். அதிலுள்ள பாரசீகச் சொற்களைக் கண்ட ஆராய்ச்சிக்காரர்களோ, சாலமோனுக்குப் பல நூறு வருஷம் பின்னால், சுமார் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எழுதியிருக்கலாம் என்கிறார்கள். ராஜா பேரைப் போட்டால்தானே சரக்குக்கு மதிப்பு!

அவன் சொல்வதென்ன? மனிதனுக்கும் மிருகத்துக்கும் சாவு ஒன்றுதான், மூச்சும் ஒன்றுதான் என்கிறான். நல்லவன் அழிவதையும் அயோக்கியன் நெடுநாள் வாழ்வதையும் கண்டு, அதற்குப் பூர்வ ஜென்மக் கதை கட்டவில்லை. செத்தவனுக்குக் கூலியே கிடையாது என்று முடித்து விடுகிறான். ஆகவே உழைத்த பலனை உண்டு, மனைவியோடு மகிழ்ந்து, கைக்கு வந்த வேலையை முழுப் பலத்தோடு செய்யச் சொல்லுகிறான். இந்த இன்பமும் கடவுள் தந்தது என்பதே அவன் எண்ணம். ஆகையால் அவனை நம் கட்சியில் சேர்க்க நாம் வரவில்லை.

நாம் கவனிக்க வேண்டியது ஒரு சொல்லை. எபிரேய பாஷையில் "ஹெபெல்" என்று அதில் 38 தடவை வருகிறது. அதற்கு மூச்சு, ஆவி என்று பொருள். பழைய தமிழ் பைபிளில் அதை "மாயை" என்று போட்டார்கள். மாயை என்றால் நம் மக்களுக்கு என்ன தோன்றும்? உலகமே பொய்த் தோற்றம் என்னும் வேதாந்தமல்லவா தோன்றும்? பனிக்காலத்தில் வாயிலிருந்து வரும் ஆவி நிற்காது. அதனால் அது பொய்யாகி விடுமா? நிலைக்காதது வேறு, இல்லாதது வேறு. பின்னால் வந்த திருவிவிலியத்தில் "வீண்" என்று மாற்றியிருக்கிறார்கள். அதுவும் மூச்சாகவில்லை; என்றாலும் வேதாந்த வாடை போயிற்று.

ஒன்றில் அவன் நமக்குச் சம்மதமில்லை. ஒடுக்கப்பட்டோர் கண்ணீரையும், அவர்களைத் தேற்ற ஆளில்லாததையும் கண்ட அம்மனிதன், நடந்ததுதான் இனியும் நடக்கும் என்று உட்கார்ந்து விட்டான். கண்ட கண்ணுக்குக் கை வேண்டாமா?

இப்புத்தகம் புனிதமானதா என்று யூத பண்டிதர்களே சண்டையிட்டார்கள். ஷம்மாய் கூட்டத்தார் இல்லை என்றும், ஹில்லேல் கூட்டத்தார் ஆம் என்றும் வாதாடினார்கள். பின்னவர்கள் பக்கமே ஜெயித்தது. புத்தகத்தின் கடைசியில், கடவுளுக்குப் பயந்து கட்டளைப்படி நட என்றொரு முடிவு இருக்கிறது. அங்கே பிரசங்கியை வேறொருவன் "அவன்" என்று பேசுவதால், பின்னால் ஒட்டியது என்று ஆராய்ச்சிக்காரர் பலர் கருதுகிறார்கள். அந்த வால் இல்லாதிருந்தால் ஷம்மாய் கூட்டத்தாரே ஜெயித்திருப்பார்கள் என்பது நமது அபிப்பிராயம்.