மெல்லக் கசியும் மருந்து



1974ஆம் ஆண்டு. எண்ணெய்த் தட்டுப்பாட்டில் அமெரிக்கா திணறிக்கொண்டிருந்த நேரம். கெமிக்கல் எஞ்ஜினியரிங் முடித்தவர்களை எண்ணெய் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு அழைத்தன. எம்.ஐ.டி.யில் அந்த ஆண்டு டாக்டர் பட்டம் வாங்கிய ராபர்ட் லாங்கருக்கும் வேலைகள் தேடி வந்தன. அவரோ பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனார். அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மனின் ஆய்வகத்தில், மருத்துவர்களுக்கு நடுவே ஓர் எஞ்ஜினியர்!

புதிய ரத்தக் குழாய்கள் முளைக்காவிட்டால் புற்றுக்கட்டி வளராது என்பது ஃபோக்மனின் கருத்து. அவற்றை முளைக்கவிடாத பொருளைத் தேடி, லாங்கர் இறைச்சிக்கூடத்திலிருந்து மாட்டெலும்புகளைக் கொண்டுவந்து குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்தார். அதிலிருந்து பிரித்த புரதத்தைச் சோதிக்க வேண்டுமானால், அது பிளாஸ்டிக் துண்டுக்குள்ளிருந்து நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய வேண்டும். அவ்வளவு பெரிய மூலக்கூறு பிளாஸ்டிக்கைத் தாண்டி வராது என்றார்கள் விவரம் தெரிந்தவர்கள். லாங்கர் கரைத்த பிளாஸ்டிக்கில் புரதப் பொடியைக் கலந்து உலர்த்தினார். உள்ளே வளைந்து நெளிந்த நுண்துளைகள் உண்டாயின. அந்தச் சந்துபொந்துகளில் சுற்றிச் சுற்றித்தான் புரதம் வெளியே வரமுடியும். கசிவு 100 நாட்களுக்கு மேல் நீடித்தது. 1976இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. ஆனால் ஆய்வுப் பணம் கேட்டு அவர் எழுதிய முதல் ஒன்பது விண்ணப்பங்களும் திரும்பிவந்தன.

அடுத்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மூளை அறுவை மருத்துவர் ஹென்றி பிரெமுடன் சேர்ந்தார். மூளைப் புற்றுக்கட்டியை வெட்டியெடுத்த குழியிலேயே, மருந்து ஏற்றிய சிறு வில்லைகளை எட்டு வரை வைத்துத் தைத்துவிடுவார்கள். சோப்புக் கட்டி மேலிருந்து கரைவதுபோல வில்லை தேயும்; மருந்து அந்த இடத்திலேயே இறங்கும். ‘கிளியாடல்’ என்ற இந்த வில்லைக்கு 1996இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. திரும்பி வந்த கட்டிக்கான பரிசோதனையில், நோயாளிகளின் நடுமட்ட ஆயுள் 23 வாரத்திலிருந்து 31 வாரமாகக் கூடியது. எட்டு வாரம்தானா என்று கேட்கலாம். அந்த நோயின் கடுமை அறிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

ஆய்வுக் கட்டுரை தானாக நடந்து மருந்துக்கடைக்குப் போய்விடாது. அதனால் லாங்கர் கம்பெனிகள் தொடங்கினார். அவர் பங்கில் உருவானவை 40க்கும் மேல். எம்.ஐ.டி. பேராசிரியர் வேலையை மட்டும் விடவில்லை. 2010இல் தொடங்கிய மாடர்னாவின் நிறுவனர்களில் அவரும் ஒருவர். அதன் கோவிட் தடுப்பூசிப் பெருமை முழுவதையும் அவர் கணக்கில் எழுதக் கூடாது; பலருடைய உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் அந்தத் தடுப்பூசியில், எளிதில் சிதைந்துபோகும் ஆர்.என்.ஏ.வைக் கொழுப்புத் துகளில் பொதிந்து செல்லுக்குள் சேர்த்ததும் மருந்தைக் கொண்டுசேர்க்கும் கலைதான்.

கெமிக்கல் எஞ்ஜினியரிங் என்றால் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை என்றுதான் நம் வீடுகளில் பேச்சு. பிள்ளைகள் கவுன்சலிங்குக்குக் கிளம்பும் முன், மருந்து ஆய்வகத்திலும் அந்தப் படிப்புக்கு இடமுண்டு என்று சொல்லி அனுப்புங்கள்.