கோல் காவலர் கற்றுத்தரும் பாடம்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் முதற்பரிசு வாங்கியவர்களைப் புகழ்ந்துவிட்டு உட்கார்ந்துவிடுவது வழக்கம். நானும் அவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது, கோல் கம்பத்துக்கு முன்னால் தனியாக நிற்கிறாரே, அந்தக் கோல் காவலரைப் பற்றி.

தோட்டத்துத் திடலிலே நம்ம பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பாருங்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடி கோல் போடத்தான் ஆசை. கடைசியில், இருப்பதிலேயே சின்னப் பையனைப் பிடித்து, "டேய், நீ கோல்லே நில்லுடா" என்பார்கள். அவன் ஒன்பது பந்தைத் தடுத்தால் யாரும் எண்ண மாட்டார்கள். பத்தாவது பந்து உள்ளே போனால், "எல்லாம் இவனாலேதான்" என்பார்கள்.

அந்த இடத்துக்கு நம் நாட்டில் பெருமை தேடித்தந்தவர் ஆர். ஆறுமுகம். மூத்தவர்களுக்கு அவரை நன்றாக நினைவிருக்கும். நீண்ட கைகளால் பந்தைப் பிடித்ததால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே அழைத்தது. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற மலேசியக் காற்பந்துக் குழுவில் இருந்தார். 1980இல் நம் குழு மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர் போக முடியவில்லை. 1988 டிசம்பர் 18ஆம் நாள் சாலை விபத்தில் காலமானார். வயது 35தான். அந்தக் கைகள் கற்ற வித்தை இன்னும் எத்தனையோ பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். காலம் விடவில்லை.

கற்றதைக் கொடுக்கும் வாய்ப்புக் கிடைத்த இன்னொரு காவலரைச் சொல்கிறேன். நம் நாட்டுக்கு விளையாடவும் வந்தவர், பிறகு பயிற்சியாளராகவும் வந்தவர். இந்திய ஹாக்கிக் குழுவின் பி.ஆர். ஸ்ரீஜேஷ்.

கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலம் என்ற ஊரில் 1988இல் பிறந்தார். விவசாயக் குடும்பம். பன்னிரண்டு வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தார். ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் ஹாக்கிக் கோலுக்கு வந்தார். காலுக்கும் மார்புக்கும் தலைக்கும் கவசம் வாங்கப் பணம் வேண்டுமே! அப்பா பசுவை விற்றார். மாடு வைத்துப் பிழைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கறவை மாட்டை விற்பது என்றால் என்ன என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தக் கவசத்தின் வேலையைக் கேளுங்கள். பெனால்டி கார்னரில் வட்டத்தின் விளிம்பிலிருந்து அடிக்கும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும். கோலை எட்ட அரை விநாடிதான். பந்தைப் பார்த்த பிறகு யோசிக்க நேரம் ஏது? அடிப்பவனின் தோளையும் மட்டையின் சாய்வையும் பார்த்தே கணிக்க வேண்டும். ஆயிரம் முறை அடிபட்டால்தான் அந்தக் கண் வரும்.

2006இல் இந்தியாவுக்காக ஆடத் தொடங்கியவர், 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு இறுதியில் பாகிஸ்தானின் இரண்டு முயற்சிகளைத் தடுத்துத் தங்கம் வாங்கித் தந்தார். 2017இல் நம் ஈப்போவில் நடந்த அஸ்லான் ஷா கிண்ணப் போட்டியில் முழங்கால் போனது. அந்த ஆண்டின் மீதி மாதங்களெல்லாம் வீண். 2018இல் திரும்பி வந்தார். ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் எதிரே நின்றது யார்? மலேசியா! ஆட்டம் 2–2. ஷூட்-அவுட்டில் நாம் 7–6 என்று வென்றோம். நம் கோலில் நின்றவர் எஸ். குமார். அன்றைக்கு நாம் குதித்தோம். அந்தப் பக்கம் ஸ்ரீஜேஷ் தலை குனிந்தார்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 2021இல் தோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 5–4 என்றிருக்கும்போது, கடைசி விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய ஹாக்கிக்கு ஒலிம்பிக் பதக்கம். கோல் கம்பத்தின் மேலேறி உட்கார்ந்தார் மனுஷன்! 2024இல் பாரிசிலும் வெண்கலம். அதோடு விளையாட்டிலிருந்து விடைபெற்றார்.

மாணவர்களே, இனிமேல்தான் முக்கியம். புகழோடு வீட்டில் இருந்திருக்கலாம். அவரோ இந்திய இளையோர் குழுவின் பயிற்சியாளரானார். பாரிஸ் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்டோபரில் ஜொகூர் பாரு வந்து, சுல்தான் ஜொகூர் கிண்ணப் போட்டியில் பிள்ளைகளோடு நின்றார். நியூசிலாந்துக்கு எதிராக மறுபடியும் ஷூட்-அவுட். கோலில் நின்றதோ ஓர் இளைஞன். இவர் திடலுக்கு வெளியே. தன் கையால் தடுக்க முடியாது. தான் கற்றுக்கொடுத்தது தடுக்குமா என்று பார்க்கத்தான் முடியும். 3–2 என்று வென்று வெண்கலம் பெற்றார்கள். 2025 டிசம்பரில், சென்னையில், இளையோர் உலகக் கிண்ணத்தின் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0–2 என்று பின்தங்கியிருந்த பிள்ளைகள், 4–2 என்று ஜெயித்தார்கள்.

பின்தங்கி நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க, கோலை விட்டு விட்டு மறுபடி எழுந்து நின்றவரைவிடத் தகுதியானவர் யார்?

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சிவப்பு மையில் புள்ளி வாங்கி வந்தால், "எல்லாம் உன்னாலேதான்" என்று திட்டிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த பந்துக்கு எப்படி நிற்பது என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் அதைக் கேட்கலாம்.

இந்தப் பள்ளியில் படித்து நல்ல நிலைக்குப் போயிருக்கும் முன்னாள் மாணவர்களே, உங்களிடம் நன்கொடைக்கு மேல் ஒன்று கேட்கிறேன். நீங்கள் விழுந்த இடம், எழுந்த விதம் இந்தப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை வாருங்கள். கணக்குத் தெரிந்தவர் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். பந்து தெரிந்தவர் திடலில் இறங்குங்கள்.

இன்று பரிசு வாங்காத கண்மணிகளே, உங்கள் ஆட்டம் இன்னும் முடியவில்லை. நிமிர்ந்து நில்லுங்கள், அடுத்த பந்து வருகிறது.