கட்டி தனக்கென்று போடும் இரத்தக் குழாய்

(தோட்ட மாதர் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் நிகழ்த்திய உரை)



இன்றைக்கு மார்பில் வரும் கட்டியைப் பற்றிப் பேசுவோம். கூச்சப்பட வேண்டாம். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்புப் புற்றுநோய்க்குத்தான்.

"நோவு இல்லையே, இருந்துட்டுப் போகட்டும்" என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். நோவு இல்லாத அந்தக் காலத்தில்தான் கட்டி உள்ளுக்குள் பெரிய வேலை செய்கிறது.

தண்ணிப் பைப் இல்லாத லயத்தில் எத்தனை குடும்பம் இருக்க முடியும்? கட்டிக்கும் அதே கதைதான். அதற்குச் சாப்பாடும் ஒட்சிசனும் இரத்தத்தில் இருந்துதான் வர வேண்டும். சொந்தக் குழாய் இல்லாவிட்டால் 1 அல்லது 2 மில்லிமீற்றருக்கு மேல், அதாவது கடுகு அளவுக்கு மேல், அது வளராது. நடுவில் உள்ள கலங்கள் மூச்சு முட்டிப் போகும்.

அப்போது அந்தக் கலங்கள் ஒரு புரதத்தை வெளியே விடும். பக்கத்து இரத்தக் குழாய்க்கு அது ஒரு அழைப்பு. கவ்வாத்து வெட்டிய செடி தளிர் விடுவது போல, அந்தக் குழாய் கட்டியைப் பார்த்துக் கிளை விடும். கையில் வெட்டுப்பட்டால் காயம் ஆறுவதற்கும் உடம்பு இதைத்தான் செய்கிறது. ஆனால் காயம் ஆறினால் வேலை நின்றுவிடும். கட்டியில் அது நிற்பதில்லை.

இதை 1971இல் எடுத்துச் சொன்னவர் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க சத்திரசிகிச்சை வைத்தியர். அப்போது பலர் நம்பவில்லை. 1989இல் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள்.

இந்தப் புதுக் குழாய்கள் கோணல்மாணலாக, கசிகிறவையாக இருக்கும். சாப்பாடு வந்த அதே வழியில் புற்றுக் கலங்கள் இரத்தத்தில் இறங்கி எலும்புக்கும் நுரையீரலுக்கும் ஈரலுக்கும் போகலாம். கைக்குத் தட்டுப்படும் கட்டி இந்தக் குழாயை எப்போதோ போட்டு முடித்திருக்கும். அதனால்தான் "அடுத்த மாதம் பார்ப்போம்" என்று இருக்கக் கூடாது என்கிறோம்.

குழாயை அடைக்க மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். பெவாசிசுமாப் என்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் மார்புப் புற்றுநோய்க்கு 2008இல் அதை அனுமதித்தார்கள். ஆயுளைக் கூட்டியதாகத் தெரியவில்லை, பக்க விளைவும் கடுமை என்று 2011இல் அந்த அனுமதியை எடுத்துவிட்டார்கள். ஆகவே ஒரு ஊசியில் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். சத்திரசிகிச்சை, மருந்து, கதிர்ச் சிகிச்சை எதுவானாலும் நேரத்தோடு போனால்தான் பலன் கூடுதல். கத்தி வைத்தால் பரவிவிடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம்.

மாதவிலக்கு முடிந்து சில நாள் கழித்து மார்பையும் அக்குளையும் தடவிப் பாருங்கள். கட்டி, தோடம்பழத் தோல் போன்ற குழிகள், உள்ளே இழுபட்ட காம்பு, காம்பில் இரத்தம், இவற்றில் ஏதும் கண்டால் உடனே மிட்வைஃபிடம் சொல்லுங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல. பெரும்பாலானவை சாதாரணக் கட்டிதான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் வைத்தியர், பக்கத்துக் காம்பராக்காரர் அல்ல.

35 வயது ஆனவர்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆம்பிளையாட்களே, அன்றைக்குப் பிள்ளைகளை நீங்கள் பாருங்கள். ஒரு நாள் பேர் போனால் போகட்டும். கொழுந்து நாளைக்கும் இருக்கும், தாய் இருக்க வேண்டும்.