அட்டை யார் கையில்?

(தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க அப்பா ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். மாசா மாசம் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிச்சாங்க. ஆனா எங்க அம்மா மூச்சிரைப்புக்கு வட்டிக்கு வாங்கித்தான் வைத்தியம் பார்த்தாங்க. அட்டை மேஸ்திரியின் மேசைக்குள் கிடந்தது. அம்மா போன பிறகு அப்பா அதைக் கேட்டு வாங்கினப்பதான் தெரிஞ்சது, அதில் அம்மா பெயரே ஏறவில்லை என்று.

இப்போ முதலாளிகள் கேட்கிறார்கள், "வசதி இருக்கு, உங்க ஜனங்க குடும்பத்தோட வந்து பயன்படுத்த மாட்டேங்கறாங்களே" என்று. நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். வருசத்துக்கு ஒரு முகாம் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். விழிப்புணர்வு யாருக்கு வேணும்?

இது தர்மம் அல்ல. பாபாசாகேப் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில்தான், 1944இல், தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பற்றிய அறிக்கையைப் பேராசிரியர் அதார்க்கர் கொடுத்தார். 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது. 2019 ஜூலையில் வந்த விகிதப்படி, பத்தாயிரம் ரூபாய் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 75 ரூபாய், முதலாளி பங்கு 325. அந்த 325ம் நம்ம உழைப்பில் விளைந்ததுதான்.

தொழிலாளிக்கே நோய் வந்தால், சந்தா நாட்கள் சரியாக இருந்தால், வருசத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதம் கிடைக்கும். ஆனா பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கூட்டிப்போனால் அன்றைய கூலி போச்சு. டிஸ்பென்சரி திறந்திருக்கிற நேரம்தான் ஷிப்டு நேரமும். மெடிக்கல் ஷாப்பில் நாலு மாத்திரை வாங்குவது அதைவிட மலிவு. இதுக்குப் பெயர் அறியாமை இல்லை தோழர்களே, கணக்கு.

நோட்டீஸ் ஒட்டுகிற முதலாளிக்கு நாம் சொல்லவேண்டியது இதுதான்: வேலைக்குச் சேர்ந்த அன்றே மனைவி, பிள்ளை, உன் தொழிலாளியை நம்பியிருக்கிற தாய் தகப்பன் பெயரை ஏற்று. அட்டையை அவன் கையில், அவள் கையில் கொடு. கான்ட்ராக்ட் ஆள் என்று தட்டிக்கழிக்காதே. அவர்களுக்கும் முதலில் சந்தா கட்டவேண்டியவன் முதன்மை முதலாளி என்றுதான் 1948 சட்டமே சொன்னது. குடும்பத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாளுக்குச் சம்பளத்தோடு லீவு கொடு. முகாமை ஷாப்பு வாசலில் போடாதே. ஞாயிற்றுக்கிழமை சேரிக்கு வா. தொட்டுப் பார்க்கிற டாக்டரைக் கூட்டி வா. தூர நிறுத்திச் சீட்டு எழுதுகிறவரிடம் எங்க ஜனம் இரண்டாம் தடவை போகாது. யாருக்கு என்ன நோய் என்கிற காகிதம் மேஸ்திரி கைக்குப் போகக்கூடாது. வேலை போயிடும் என்கிற பயம் இருக்கிறவரை ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

இதையெல்லாம் முதலாளி தானாகச் செய்வான் என்று நான் நம்பவில்லை. மாணவத் தோழர்களே, வர்ற ஞாயிறு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உங்க தெருவில் வீடு வீடாப் போங்க. ரெண்டே கேள்வி கேளுங்க. அட்டை யார் கையில் இருக்கு? அதில் அம்மா பெயர் இருக்கா?

எங்க வீட்டில் இதைக் கேட்க அன்னிக்கு ஆள் இல்லை.